கண்ணாடி வாங்குமுன் சர்க்கரையைப் பாருங்கள்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை என்று விரிந்து கிடக்கும் கரிசல் பூமியில், வானத்தை நம்பி விதைத்து ஏமாந்த குடும்பங்களுக்கு, 1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய நாள் தொட்டு, தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் சோறு போட்டு வருகின்றன. இத்தொழில்களுக்கு மூலதனம் முதலாளியின் பணம் என்று கணக்குப் புத்தகம் சொல்லும். ஆனால் தொழிலாளி தன் பங்காகக் கொண்டுவந்து போடும் மூலதனம் இரண்டு கைகளும் இரண்டு கண்களுமேயாகும். சரம் பின்னுகிறவளுக்குத் திரியின் நுனி தெரியவேண்டும். மருந்து அளக்கிறவனுக்குத் தராசின் முள் தெரியவேண்டும். காலண்டர் அடிக்கும் அச்சகத்தில் நிற்கிறவனுக்கு நான்கு வர்ணங்களும் மயிரிழை பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருப்பது தெரியவேண்டும். அப்படிப்பட்ட கண்கள், யாதொரு காயமும் இன்றி, ஓரிரு வாரங்களில் மங்கத் தொடங்கினால், "வயசாயிருச்சு, கண்ணு பூத்துப்போச்சு" என்று சொல்லிக்கொண்டு மூக்குக்கண்ணாடிக் கடையின் படியேறுவதே நம்மவர் வழக்கமாக இருக்கிறது.

அந்தப் படி ஏறுமுன் சோதித்துக்கொள்ள வேண்டியது இரத்தத்திலுள்ள சர்க்கரை. அதைக் கட்டுப்படுத்திப் பார்வை தெளிந்த பிறகும் சோதித்துக்கொள்ள வேண்டியது விழித்திரை. இவ்விரண்டையும், இவற்றைப் பெறுவதற்குத் தொழிலாளிக்கு உள்ள உரிமைகளையும் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் நீரிழிவு உள்ளோர் 10 கோடிக்கு மேல் என்றும், தமிழ்நாட்டில் 20 வயது கடந்தோரில் 100-க்கு 14 பேருக்கு மேல் அந்நோய் உண்டு என்றும் கணித்திருப்பதால், இது யாரோ சிலருடைய விஷயம் என்று ஒதுக்கிவிடத் தக்கதன்று.

மங்கல் எவ்விதம் உண்டாகிறது

கண்ணின் கருமணிக்குப் பின்னால், வெளியிலிருந்து வரும் ஒளியை விழித்திரையின்மேல் குவிப்பதற்காக, தெளிந்த வில்லை ஒன்று இயற்கையாகவே அமைந்திருக்கிறது. இந்த வில்லைக்கு இரத்தக் குழாய் கிடையாது. தன்னைச் சூழ்ந்திருக்கும் கண்ணீர்மத்திலிருந்தே அது ஆகாரம் பெறுகிறது. இரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது அந்த நீர்மத்திலும் ஏறுகிறது; நீர்மத்தில் ஏறியது வில்லைக்குள்ளும் புகுகிறது; புகுந்த சர்க்கரையின் ஒரு பகுதி சார்பிட்டால் என்னும் பொருளாக மாறி, எளிதில் வெளியேற இயலாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது. நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளின் கண்வில்லையில் இப்பொருள் சேர்ந்திருப்பதை ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ரூத் வான் ஹெய்னிங்கன் 1959-இல் வெளியிட்டார். தங்கிய பொருள் தண்ணீரை ஈர்க்கிறது. ஊறப்போட்ட கொண்டைக்கடலை உப்புவதைப் போல வில்லையும் நீரேறி உப்பி, தன் வடிவத்திலும் ஒளியை வளைக்கும் திறத்திலும் மாறுபடுகிறது. கண்ணாடியின் 'பவர்' என்று நாம் சொல்வது இவ்விதம் உள்ளேயே மாறிவிடுவதால், நேற்றுவரை பொருந்திய கண்ணாடி இன்று பொருந்தாமல் போகிறது.

சர்க்கரை ஏறும் காலத்தில் பலருக்குக் கண் கிட்டப்பார்வைப் பக்கம் சாய்கிறது. அதாவது தூரத்தில் வரும் பஸ்ஸின் பெயர்ப்பலகை மங்குகிறது, பக்கத்திலுள்ளது தெளிவாகத் தெரிகிறது. இதனால் ஒரு விசித்திரமும் நேர்கிறது. ஐம்பது வயது கடந்து, படிக்கும் கண்ணாடியின்றி ஓர் எழுத்தும் தெரியாதிருந்த ஒருவர், "இப்ப கண்ணாடி இல்லாமலே தந்தி பேப்பர் படிக்கேன்" என்று பெருமையாகச் சொல்லத் தொடங்குகிறார். இளமை திரும்பிவிட்டதென்று வீட்டார் மகிழ்கிறார்கள். கண்புரையின் ஆரம்பமாகவும் அது இருக்கலாம். சர்க்கரை கட்டுமீறி ஏறியதன் அறிகுறியாகவும் இருக்கலாம். எதுவாயினும் கொண்டாட வேண்டிய சமாசாரமன்று, பரிசோதிக்க வேண்டிய சமாசாரம்.

பின்னர் மாத்திரையோ இன்சுலினோ தொடங்கிச் சர்க்கரை விரைவாக இறங்கும்போது, இதற்கு நேர்மாறாகக் கண் தூரப்பார்வைப் பக்கம் சாய்வதுண்டு. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை என்பார்கள். "மருந்து சாப்பிட்ட பிறகுதான் கண் கெட்டது" என்று பழியை மருந்தின்மேல் போட்டு, பலர் மருந்தை நிறுத்திவிடுவதும் இக்கட்டத்திலேதான். இம்மாற்றம் பெரும்பாலும் தற்காலிகமானது. சர்க்கரை ஒரு நிலைக்கு வந்து நின்றபின், சில வாரங்களில், பொதுவாக ஆறு வாரத்திற்குள், சிலருக்கு அதற்குச் சற்று மேலும் ஆகி, பார்வை பழைய நிலையை அடைகிறது. 1925-இலேயே இங்கிலாந்தின் கண்மருத்துவர் டியூக் எல்டர் நீரிழிவினரின் பார்வைத் திறன் இவ்வாறு ஏறி இறங்குவதை விரிவாக எழுதியிருக்கிறார். நூறாண்டுக்கு முன்பே வைத்திய உலகம் அறிந்த இவ்வுண்மை நம் தெருவிலுள்ள கண்ணாடிக் கடைவரை வந்து சேரவில்லை என்பதுதான் வருந்தத்தக்கது.

மூன்று கண்ணாடிகளின் கதை

ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். தீபாவளிக்கு முந்திய மாதங்களில், பீஸ் கணக்குக்கு வேலை செய்யும் ஒரு தாய், காலையில் ஆலை வண்டி வருமுன் கிடைத்ததை வாயில் போட்டுக்கொண்டு ஓடுகிறாள். மதியம் தூக்குவாளிச் சோறு. மாலையில் வரும் வழியில் டீயும் வடையும். சனிக்கிழமை கூலி வாங்கிய அன்று பிள்ளைகளுக்காக எண்ணெய்ப் பரோட்டா. தாகம் அதிகமாயிருக்கிறது, அதை வெயில் என்கிறாள். இரவில் நாலைந்து முறை எழுந்து போகிறாள். அதைக் குடித்த தண்ணீர் என்கிறாள். உடம்பு இளைக்கிறது, அதை வேலை என்கிறாள். கண் மங்கியதும் மட்டும் அவளால் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியவில்லை. ஏனெனில் அது கூலியைத் தொடுகிறது.

கடைக்குப் போகிறாள். கனமான சோதனைச் சட்டத்தை மூக்கின்மேல் மாட்டி, ஒன்று மாற்றி ஒன்றாக வில்லைகளைச் செருகி, "இது நல்லாத் தெரியுதா, அது நல்லாத் தெரியுதா" என்று கேட்டு, துண்டுச் சீட்டில் மைனஸ் ஒன்றேகால் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். அன்றைய கண்ணுக்கு அந்தச் சீட்டு பொய்யன்று. ஆனால் அது அன்றைய கண்ணுக்கு மட்டுமே உரியது. பிறிதொரு காரணத்திற்காக ஆரம்ப சுகாதார நிலையம் போனவளுக்குச் சர்க்கரை என்று தெரிந்து, மாத்திரை தொடங்கி இருபது நாளில் அந்தக் கண்ணாடி தலைவலி தருகிறது. இரண்டாவது கண்ணாடி வாங்குகிறாள். சர்க்கரை நிலைப்பட்டதும் அதுவும் உதவாமற் போகிறது. மூன்றாவது வாங்குமுன் கையிலிருந்த காசு தீர்ந்துவிடுகிறது. சர்க்கரை நிலைப்படும்வரை காத்திருந்தால் ஒரே கண்ணாடியில் தீர்ந்திருக்க வேண்டிய காரியம் இது.

ஆகவே, கண்ணாடி எழுதுகிறவரிடம், "எனக்குச் சீனி வியாதி உண்டு" அல்லது "சர்க்கரை பார்த்ததே இல்லை" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அது நீரிழிவைச் சேர்ந்தது. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு மறுபடி ஒருமுறை சோதித்து உறுதி செய்வது கிரமம். சர்க்கரை நிலைப்படும்வரை புதிய கண்ணாடியை ஒத்திப்போடுங்கள். இடைக்காலத்தில் வேலைக்கு இன்றியமையாததாயின், விலை குறைந்த தற்காலிகக் கண்ணாடி ஒன்றைக் கண்மருத்துவரின் ஆலோசனையோடு வைத்துக்கொள்ளுங்கள். எக்காரணத்தை முன்னிட்டும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தெளிந்துவிட்டது என்பதில் உள்ள அபாயம்

பார்வை திரும்பியதும் நோய் போய்விட்டதென்று எண்ணுவதே இவ்விஷயத்தில் மிகப் பெரிய அபாயம். வில்லை உப்புவதால் வரும் மங்கல் வேறு. விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் சிதைவதால் வரும் நோய் வேறு. முன்னது உடனே தெரியும், பின்பு போய்விடும். பின்னது வெகுகாலம் தெரியாது, தெரியும்போது பெரும்பாலும் முற்றியிருக்கும். நாட்டில் 2015 முதல் 2019 வரை நடந்த தேசிய ஆய்வில், 50 வயது கடந்த நீரிழிவினருள் 100-க்கு ஏறக்குறைய 17 பேருக்கு விழித்திரை நோய் காணப்பட்டது. ஆதலால் நடுவயதில் வரும் இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்கள், நோய் கண்டறிந்த அந்த வேளையிலேயே ஒருமுறையும், பின்பு ஆண்டுக்கொருமுறையும், பார்வை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நீரிழிவுள்ள பெண் கருவுற்றால் முதல் மூன்று மாதத்திற்குள்ளேயே பார்த்துவிட வேண்டும். பல்லாண்டு ஏறிக்கிடந்த சர்க்கரையை வேகமாக இறக்கும்போது, முன்பே விழித்திரை நோய் இருந்த சிலருக்கு அது சிறிது காலம் மோசமாவதும் உண்டு என்பதால், ஆரம்பத்திலேயே பார்த்து வைப்பது இன்னும் அவசியமாகிறது.

எது பொறுத்திருக்கக் கூடியது, எது பொறுக்கக் கூடாதது என்பதை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருத்தல் நலம். சர்க்கரை ஏற்றத்தால் வரும் மங்கல் பொதுவாக இரண்டு கண்ணிலும் சேர்ந்தே, சில நாட்களில் படிப்படியாக வரும். அப்படியன்றி, ஒரு கண்ணில் மட்டும் திடீரெனப் பார்வை போனாலும், திரை இழுத்தாற்போல் ஒரு பக்கம் மறைந்தாலும், புதிதாகக் கரும்புள்ளிகளும் நூலிழைகளும் மிதந்தாலும், மின்னல் தெறித்தாலும், ஒன்று இரண்டாகத் தெரிந்தாலும், கண் சிவந்து வலித்தாலும் அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மங்கலோடு வாந்தி, வயிற்றுவலி, நெடுமூச்சு, தடுமாற்றம் சேர்ந்தால் அது உயிருக்கே அபாயமான நிலை. 108-ஐ அழைக்கத் தாமதிக்கலாகாது.

சர்க்கரை ஏறினால்தான் கண் மங்கும் என்பதில்லை, இறங்கினாலும் மங்கும். மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு, கணக்கு முடியட்டும் என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடுகிறவருக்கு, வியர்வையும் நடுக்கமும் படபடப்புமாகச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி, கண் இருண்டுவரும். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். கால்மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடி குடிக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். பட்டாசு ஆலையில் இதற்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. மருந்துப் புழக்கமுள்ள அறையில் உண்பதும் கைபேசி வைத்திருப்பதும் கூடாது. ரசாயனம் படிந்த விரலால் சீனியை எடுத்து வாயில் போடுவதும் நல்லதன்று. ஆதலால் ஓய்வறையில் சீனிப் பொட்டலமும் தண்ணீரும் எப்போதும் இருக்கும்படி செய்துகொண்டு, உடல் நடுங்கியதும் வெளியே வந்து கை கழுவி அருந்த வேண்டும். பக்கத்தில் வேலை செய்யும் ஒருவருக்கேனும் தமக்குச் சர்க்கரை உண்டென்பதைச் சொல்லி வைக்க வேண்டும்.

கண் மங்கியிருக்கும் நாட்களில் வெடிமருந்து கலக்கவும், வெடிமருந்து செலுத்தவும், இருசக்கர வாகனம் ஓட்டவும் முற்படக் கூடாது. அளவு பிசகினாலும், உராய்வு ஒன்று கண்ணுக்குத் தப்பினாலும், அந்த அறையில் தவறு செய்தவர் ஒருவர், தண்டனை பெறுபவர் பலர். "கண் சரியாகும்வரை காகிதம் சுற்றும் வேலையோ பெட்டி போடும் வேலையோ கொடுங்கள்" என்று ஃபோர்மேனிடம் கேட்பது சோம்பேறித்தனமன்று. அது எல்லாருடைய உயிரையும் காக்கும் எச்சரிக்கை. அதைக் கேட்டுச் சம்மதிப்பது முதலாளி செய்யும் தியாகமுமன்று. தன் சொத்தைத் தானே காத்துக்கொள்ளும் விவேகம்.

எங்கே போவது, எதைக் கேட்பது

சர்க்கரை பார்ப்பதும் மாத்திரை பெறுவதும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். 2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்குமான மருந்துகள் வீடு தேடியே வருகின்றன. ஆலைக்குப் போயிருக்கும் நேரத்தில் ஊழியர் வந்துபோய்விட்டால் மருந்து விட்டுப்போகாதபடி, வீட்டிலுள்ளவரிடம் சொல்லி வைக்க வேண்டும். விருதுநகரிலேயே 2022 ஜனவரி 12 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை, 1976-இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி, எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் பிறந்த நம் கரிசல் மண்ணின் பிள்ளை. விழித்திரைப் படத்தைப் பார்த்து நோயைக் கணிக்கும் கணினி நுட்பம் அன்றாடச் சிகிச்சையில் பயன்பட்டதாக 2019-இல் அறிவிக்கப்பட்டதும் அந்த மதுரை ஆஸ்பத்திரியிலேதான். பரிசோதனையின்போது சொட்டுமருந்து விட்டுக் கருமணியை விரிப்பார்கள்; சில மணி நேரம் கண் கூசி மங்கலாயிருக்கும் என்பதால், துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வதும், அன்றைக்கு வேலைக்குப் போகாதிருப்பதும் அவசியம்.

பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளில், 2017-இல் நிர்ணயிக்கப்பட்டபடி மாதம் 21,000 ரூபாய்க்கு மேற்படாத ஊதியம் பெறுபவர் இ.எஸ்.ஐ. காப்பீட்டுக்கு உரியவர். 2019 ஜூலை முதல் தொழிலாளி 0.75 சதவீதமும், முதலாளி 3.25 சதவீதமும் சந்தா செலுத்துகிறார்கள். சந்தா பிடித்தும் உங்களுக்கு இ.எஸ்.ஐ. எண் தரப்படவில்லையானால் அதை எழுத்துமூலம் கேளுங்கள். அந்த எண் இருந்தால், குடும்பத்தாரோடு சிகிச்சை பெறலாம், சிவகாசியிலேயே இ.எஸ்.ஐ. மருத்துவமனை உண்டு. சந்தா நாட்கள் நிறைந்தவர் மருத்துவச் சான்றோடு ஆண்டில் 91 நாள்வரை ஊதியத்தில் 70 சதவீதத்தை நோய்க்கால உதவியாகப் பெறலாம். நீரிழிவால் விழித்திரையில் புதுக் குழாய்கள் முளைத்து முற்றிய நிலை, நீடித்த நோய்களுக்கான பட்டியலில் இடம்பெற்றிருப்பதால், இரண்டாண்டு தொடர் பணி முதலிய நிபந்தனைகள் நிறைந்தவருக்கு அவ்வுதவி 80 சதவீதமாக, இரண்டாண்டு வரையிலும் நீளக்கூடும். நோய்க்கால உதவி பெறும் நாட்களில் ஒருவரை வேலையைவிட்டு நீக்க முதலாளிக்கு அதிகாரமில்லை என்று 1948-ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம் விதித்தது. வேலைக்கு வரமுடியாத நாளில் சொல்லாமல் நின்றுவிடாமல், சான்று பெற்று நிற்பதில்தான் இப்பாதுகாப்பு அடங்கியிருக்கிறது.

இ.எஸ்.ஐ. இல்லாத சிறு பட்டறைத் தொழிலாளர், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பமாயின், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையைப் பெற்று வைத்துக்கொள்ளலாம். லேசர், கண்ணுக்குள் ஊசி, அறுவை என்பவற்றுள் எது அதில் அடங்கும் என்பதை, படுக்கையில் சேருமுன்னரே ஆஸ்பத்திரியிலுள்ள காப்பீட்டு அலுவலரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவர்களுக்கு மூக்குக்கண்ணாடிக்கு உதவித்தொகை உண்டு. அதைச் சர்க்கரை நிலைப்பட்ட பிறகு வாங்கும் கண்ணாடிக்குப் பயன்படுத்துவதே புத்திசாலித்தனம்.

குறை நேர்ந்தால் பரிகாரம்

நோய் இன்னது, சிகிச்சை இன்னது, செலவு இவ்வளவு என்று தெரிந்துகொள்வதும், தம் மருத்துவக் குறிப்புகளின் பிரதியைப் பெறுவதும், கண்ணாடியையோ மருந்தையோ தாம் விரும்பிய கடையில் வாங்குவதும் நோயாளியின் உரிமைகள். கண்சோதனைச் சீட்டைக் கையில் தராமல், "இங்கேயே வாங்கினால்தான்" என்று ஒரு கடை வற்புறுத்தினால் அதற்கு இணங்க வேண்டியதில்லை. பணம் வாங்கிக்கொண்டு குறைபாடான சேவை செய்தவர்மீது, சம்பவம் நடந்த இரண்டாண்டுக்குள் ஸ்ரீவில்லிபுத்தூரிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மனுவிற்குக் கட்டணமில்லை. 1915 என்னும் எண்ணில் முதலில் யோசனை கேட்கலாம். இ.எஸ்.ஐ. மருத்துவமனையின் சேவையும் தொழிலாளியின் சந்தாவால் நடப்பதால் நுகர்வோர் சட்டத்திற்கு உட்பட்டதே என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

இன்னொரு வகை மோசமும் உண்டு. சர்க்கரையை அடியோடு ஒழிப்பதாகவும், கண்ணாடியே வேண்டாமற் செய்வதாகவும் லேகியம், சொட்டுமருந்து, பொடி என்று சந்தையிலும் கைபேசியிலும் விளம்பரங்கள் பெருகியிருக்கின்றன. நீரிழிவையும் கண்புரையையும் குருட்டுத்தன்மையையும் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் சட்டமே தடை செய்கிறது. அவ்விளம்பரத்தை நம்பி மாத்திரையை நிறுத்தியவர் இழப்பது பணத்தை மட்டுமன்று. லேசர் சிகிச்சை பயன்படக்கூடிய காலத்தையும் சேர்த்து இழக்கிறார்.

ஆலை நடத்துவோருக்கு ஒரு விண்ணப்பம்: தீபாவளி வேலை மும்முரமாகுமுன், ஆண்டுக்கு ஒரு நாள், சர்க்கரை, இரத்த அழுத்தம், விழித்திரை மூன்றையும் பார்க்கும் முகாமை உங்கள் வளாகத்திலேயே நடத்துங்கள், அந்த நாளின் கூலியைப் பிடிக்காதீர்கள். தொழிலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நாற்பது வயதாகியும் ஒருமுறைகூடச் சர்க்கரை பார்க்காதவர், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளாமல், இந்த வாரமே பார்த்துவிடுங்கள், சர்க்கரை உண்டென்று முன்பே அறிந்தவர், கடைசியாக விழித்திரை பார்த்து ஓராண்டு கடந்திருந்தால், இன்றைக்கே நாள் குறித்துக்கொள்ளுங்கள்.